முன்பக்கத்துப் பலகை

வண்டியின் நம்பர் பலகைக்குப் பிரெஞ்சில் 'பிளாக் மினெராலொழிக்' என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் 'கனிமப் பலகை'. தகட்டில் செய்வதால்தான் அந்தப் பெயர் என்று லிசேயில் என் பக்கத்து பெஞ்சுக்காரன் சத்தியம் செய்வான். உண்மைக் காரணம் வேறு. பிரான்சில் நீராவிக் கொதிகலன்களைச் சோதித்துச் சான்று கொடுத்து வந்தவர்கள் சுரங்கத் துறைப் பொறியாளர்கள். மோட்டார் வண்டி வந்தபோது அதையும் அவர்கள் தலையில் கட்டினார்கள். வண்டிக்கு எண் கொடுத்ததும் அவர்களே. அந்தப் பொறுப்பு அவர்களை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பாரீஸில் 1893-லேயே வண்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்று போலீஸ் ஆணை போட்டுவிட்டது. 1901-ல் நாடு முழுவதற்கும் ஓர் ஆணை வந்தது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பலகை வேண்டும் என்றது. 30 கிலோமீட்டர்! இன்று நம் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டும் பாட்டிமார்கூட அதைத் தாண்டுவார்கள். ஆனால் ஆணை எழுதியவருக்கு ஒன்று புரிந்திருக்கிறது. வண்டி வேகமாகப் போகத் தொடங்கினால், அதன் பின்னால் நிற்பவன் மட்டுமல்ல, எதிரே நிற்பவனும் அதை அடையாளம் காண வேண்டியிருக்கும்.

இவ்வளவு பீடிகையும் எங்கள் வீட்டு அம்பாசடருக்காக. 'எங்கள் வீடு' என்பது அண்ணன் வீடு. அவர் 2019-ல் காலமானார். வண்டி 1972 மாடல், மார்க் 2. இப்போது அண்ணிதான் அதற்கு எஜமானி. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஆக்டிங் டிரைவர் வந்து அவரை வில்லியனூர் கோயிலுக்கு அழைத்துப் போவார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வண்டிக்கு வேலை.

பிரான்சில் இருக்கும் அண்ணன் மகன் சென்ற ஆண்டு லீவில் வந்தபோது, அப்பா நினைவாக வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கினான். பெயிண்ட், சீட், தரைவிரிப்பு எல்லாம் மாறியது. முன் பம்பரைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பிப் புதிதாகக் குரோம் ஏற்றி வந்தான். முகம் பார்க்கலாம் போல இருந்தது. அனுப்பும்போதே, அண்ணன் நம்பர் பலகைக்காகப் போட்டிருந்த இரண்டு துளைகளையும் வெல்டு வைத்து அடைக்கச் சொல்லியிருந்தான். "ஓட்டை பம்பருக்கு யாராவது குரோம் போடுவாங்களா சித்தப்பா?" என்றான்.

பதிவைப் புதுப்பிக்கும் நேரமும் அப்போது வந்தது. நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால் அப்புறம் ஐந்தைந்து ஆண்டுக்குத்தான் புதுப்பிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பையன் ஒரு யோசனை சொன்னான். 2021-ல் மத்திய அரசு, ஐம்பது வயது தாண்டிய பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டு வந்ததல்லவா, அதில் சேர்த்துவிடலாம் என்றான். கௌரவமாக இருக்கும் என்றான். நான் விதியைப் படித்துப் பார்த்தேன். படிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய கார் பேரணிக்கும் கொண்டு போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. வில்லியனூர் அம்மன் தரிசனம் கண்காட்சிக் கணக்கில் வராது. ஆகவே அது வேண்டாம், பழைய எண்ணிலேயே சாதாரணமாகப் புதுப்பிப்போம் என்றேன். அண்ணியும் தலையாட்டினார். அதோடு, இப்போது புதுவண்டிகளுக்கெல்லாம் வருகிறதே, அந்த உயர் பாதுகாப்புப் பலகைக்கும் எழுதிப் போட்டோம்.

சண்டை அதற்குப் பிறகுதான்.

"முன்னாடி பலகையே வேணாம் சித்தப்பா. மூஞ்சியைப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு! அமெரிக்காவுல எத்தனையோ மாநிலத்துல பின்னாடி மட்டும்தான்" என்றான்.

"அமெரிக்காவுல பாதி மாநிலத்துக்கு மேல ரெண்டும் கேக்கறான். உங்க பிரான்சுலயும் ரெண்டுதான். நம்ம மத்திய மோட்டார் வாகன விதி 50-ம் ரெண்டுதான் சொல்லுது."

"சரி, அப்படின்னா கறுப்புப் பலகை. பிரான்சுல முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியைக் 'கொலெக்சியோன்'னு பதிஞ்சா, கறுப்புல வெள்ளி எழுத்து வெச்சுக்கலாம். பழைய சித்ரோயன்லாம் அப்படித்தான் ஓடுது."

அவன் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. இங்கேயும் ஒரு காலத்தில் சொந்தக் காருக்குக் கறுப்புப் பலகைதான், வெள்ளை எழுத்துத்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெள்ளையில் கறுப்பு எழுத்து என மாற்றினார்கள். 1972 வண்டிக்குக் கறுப்புதான் பொருத்தம், சந்தேகமில்லை. ஆனால் பொருத்தம் வேறு, விதி வேறு. இங்கிலாந்தில் ஜாகுவார் ஈ-டைப் என்றொரு கார் உண்டு. மூக்கு அவ்வளவு கூர்மை, பலகை வைக்க இடமே இல்லை. அவர்களே எண்ணை ஸ்டிக்கராக பானெட்டின் மேல் ஒட்டிக்கொண்டார்களே தவிர, எண்ணே இல்லாமல் விட்டுவிடவில்லை.

பையன், "நீங்க ரொம்ப ரூல்ஸ் பேசறீங்க" என்று எழுந்து போய்விட்டான். அவனுக்குச் சொல்லாத ஒன்றை அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன். அண்ணியும் அதை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

1966. எங்கள் அப்பாவுக்கு ரோடியர் மில்லில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து கடலூர் சாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த கார் அடித்துத் தள்ளிவிட்டு, பத்துப் பன்னிரண்டு அடி தாண்டி நின்றது. எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். காருக்கு நேர் எதிரே நின்று கையைக் காட்டி நிறுத்தினார். கார் பின்வாங்கி, சாலையிலேயே ஒடித்துத் திரும்பி, வந்த வழியே போய்விட்டது. திரும்பும்போது விளக்கு அவர் கண்ணை விட்டு விலகிய அந்த ஒரு கணத்தில் முன் பம்பரை நன்றாகப் பார்த்திருக்கிறார். அங்கே வெறும் இரும்புக் கொக்கிதான் தொங்கிக்கொண்டிருந்தது. பலகை இல்லை. பின்பக்கம் திரும்பியபோது ஒரே இருட்டு, புழுதி.

போலீசில் கேட்ட முதல் கேள்வி, "நம்பர் என்ன?" கடைசிக் கேள்வியும் அதுதான்.

பலகை இருந்திருந்தாலும் அந்த வெளிச்சத்தில் அவர் படித்திருப்பாரா என்று எனக்கும் தோன்றியதுண்டு. பின் பலகைக்குத்தான் விளக்கு வைக்கச் சொல்கிறது விதி, முன் பலகைக்கு இல்லை. எதிரே நிற்பவனுக்கு ஹெட்லைட் கூச்சம்தான் முதலில் தெரியும். ஆனால் அந்த டீக்கடைக்காரர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர், கண் நல்ல கண். ஒன்றிரண்டு எண்ணாவது சொல்லியிருப்பார் என்று அப்பா கடைசிவரை நம்பினார். அவருக்கு இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் சம்பளம் இல்லை.

அந்த வருடம்தான் அண்ணன் சொல்தாவாகப் போனது. 1962-ல் நம்மூர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது அப்பா இந்தியக் குடியுரிமையில் இருந்துவிட்டார். நான் சின்னப் பையன், அவர் வழியே நானும். அண்ணனுக்கு இருபது வயது, தனியாக எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டாரே தவிர, பட்டாளத்துக்குப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. கடை வைக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பா கட்டிலில் கிடக்க, வீட்டில் நான்கு பேர் சாப்பிட வேண்டியிருந்ததால் கப்பல் ஏறினார். பதினைந்து வருடம் கழித்துப் பென்ஷனோடு திரும்பி வந்து, ஒரு டாக்டரிடம் இந்த அம்பாசடரை வாங்கினார்.

வாங்கிய மறுநாளே அவர் செய்த முதல் வேலை, முன் பலகையைப் பெரிய போல்ட் இரண்டு போட்டு இறுக்கியது. அந்தத் துளைகள் அதற்குத்தான். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போது அதைத்தான் முதலில் துடைப்பார். பையன் சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறான். காரணம் அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பாவும் மகனும் அதிகம் பேசிக்கொள்ளாத வீடு.

மறுநாள் காலை அவனே அட்டைப் பெட்டியை வெட்டிக்கொண்டு வந்து நின்றான். 50 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் உயரம். புதுப் பலகையின் அளவு அதுதான்.

இனி வேலை விஷயம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நம் வாசகர்களில் சிலர் உண்டு, அவர்களுக்கு உதவும்.

குரோம் பம்பரில் துளை போடக் கூடாது. வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை. குரோம் என்பது மெல்லிய தோல்தான். அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. துளையின் விளிம்பில் தோல் பிளந்து இரும்பு வெளியே தெரியும். நம்மூர் உப்புக் காற்றுக்கு அது போதும், அங்கிருந்து துரு உள்ளே ஊர்ந்துகொண்டே போகும். அடுத்தது, பலகையை பம்பருக்கு மேலே தூக்கி கிரில்லுக்கு முன் வைக்கக் கூடாது. ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறிக்கும். மே மாதத்தில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் வண்டி கொதித்துவிடும். எங்கள் வண்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. பம்பர் நடுவில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் நுழைக்கும் துளை. பேட்டரி படுத்துவிட்டால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். அண்ணன் அடைமழையில் சுற்றியிருக்கிறார். அதை மூட எனக்கு மனம் வரவில்லை.

அட்டையை அங்கே இங்கே வைத்துப் பார்த்துக் கடைசியில் ஓர் இடம் முடிவாயிற்று. மேல் விளிம்பு ஹேண்டில் துளைக்குச் சற்றுக் கீழே, பாதி பம்பர் மேல், பாதி அதற்கும் கீழே. இன்னும் இறக்கினால் வேகத்தடையில் இடிக்கும்.

முதலியார்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் மற்றதைச் செய்து கொடுத்தார். பம்பரைத் தாங்கும் இரும்போடு அதைப் பிணைக்கும் போல்ட்டுகள் முன்பே இருக்கின்றன அல்லவா, அவற்றைக் கழற்றிக் கொஞ்சம் நீளமான போல்ட் போட்டார். ஒரு அங்குல அகலப் பட்டை இரும்பு இரண்டை உள்பக்கம் அந்த நட்டுகளிலேயே கோத்து, பம்பருக்கு அடியால் வளைத்து முன்னே கொண்டு வந்தார். பட்டைகளின் முனையில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்று, பலகைக்கு முதுகாக. புதுப் பலகை 1 மில்லிமீட்டர்தான். முதுகு இல்லாவிட்டால் ஓடும்போது தகரக் கொட்டகை மாதிரி சத்தம் போடும். பட்டை பம்பரைத் தொடும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தோம். பம்பரில் ஒரு கீறல் இல்லை.

பலகை பொருத்த வந்த பையன் வந்ததும் டிரில்லிங் மெஷினைத்தான் எடுத்தான். "சார், பம்பர்ல ரெண்டு ஓட்டை போட்டா அஞ்சு நிமிஷம்" என்றான். அண்ணன் மகன் குறுக்கே வந்து நின்றுவிட்டான். "ஓட்டை போடணும்னா இந்தத் தகட்டுல போடு தம்பி" என்று முதுகுத் தகட்டைக் காட்டினேன். அப்படியே போட்டு, பூட்டை அடித்தான். அந்தப் பூட்டு ஒருமுறை மாட்டினால் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. இடது ஓரத்தில் நீல நிற அசோகச் சக்கர முத்திரை, அதன் கீழ் பொடி எழுத்தில் லேசர் எண். பின்பக்கம் சுலபம், பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் பெட்ரோல் வண்டி என்பதால் இளநீலம்.

சாயங்காலம் டிரைவரை ஹெட்லைட் போடச் சொல்லி, பையன் தெருக்கோடிக்குப் போய் நின்றான். அங்கிருந்து எண்ணை ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னான். விளக்கு நேராக அடித்தபோது தடுமாறினான், வண்டி கொஞ்சம் ஒடித்தவுடன் நான்கும் சரியாகச் சொன்னான். அண்ணி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

அண்ணனின் பழைய கறுப்புப் பலகை கொட்டகையில் கிடந்தது. பையன் அதை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டான். அங்கே கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பதாகப் படம் அனுப்பினான்.

பின் பலகை விளக்கின் பல்பு மட்டும் போயிருக்கிறது. புதிது வாங்கி வைத்துவிட்டேன். டிரைவர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.