நடுவே ஒரு சின்னக் கோபுரம்

சாந்தோம் தேவாலயத்துக்கு வருகிறவர்கள் 155 அடி உயரக் கோபுரத்தைச் செல்போனுக்குள் அடக்கப் படாதபாடு படுகிறார்கள். எனக்கு அதைவிட, கட்டடத்தின் நடுவே இருக்கும் சின்னக் கோபுரத்தின் மேல்தான் கண். புனித தோமையாரின் கல்லறை என்று மரபு சொல்லும் இடத்துக்கு அது அடையாளம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கட்டிய கோயிலை 1890களில் இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பினார்கள். சுவர், வாசல், பீடம் எல்லாவற்றையும் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். கல்லறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். வரைபடமே அதற்குப் பணிந்துபோக வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரை ஆண்டது வெள்ளைக்காரன். மயிலை மறைமாவட்டமோ 1606 முதல் போர்ச்சுகீசியர் பொறுப்பில். அப்போது ஆயராக இருந்த ரீட் டா சில்வா போர்ச்சுகல்காரர். அவர் கோயிலுக்கு வரைபடம் போட்டவரோ ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் கேப்டன் பவர். போர்ச்சுகீசியர் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே லஸ் மாதா கோயில் இருக்கிறது. காட்டுக்கோயில் என்றால் மயிலாப்பூரில் யாரும் வழிகாட்டுவார்கள். சாந்தோமிலோ எங்கு திரும்பினாலும் கூர்வளைவுதான். விக்டோரியா காலத்து இங்கிலாந்து தன் ஊர்க் கோயில்களுக்குப் போட்ட கோதிக் சட்டையை இதற்கும் மாட்டிவிட்டது.

அந்தச் சட்டையால்தான் பலர் இதை நூற்றாண்டுகள் பழையது என்று நம்பிவிடுகிறார்கள். திறந்தது 1896இல். சென்ட்ரல் ஸ்டேஷன் இதைவிட மூத்தது! பழைய கோயிலை இடிக்காமல் விட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் சண்டை போடத் தோன்றுவதில்லை. மேலே தேக்குமரக் கூரை. இருபுறமும் வண்ணக் கண்ணாடி. நடுக்கூடம் 112 அடி நீளம், 33 அடிதான் அகலம். ஒடுக்கமாக இருப்பதாலேயே பார்வை பக்கவாட்டில் அலையாமல் பீடத்துக்குப் போகிறது, இல்லாவிட்டால் கூரைக்கு ஏறுகிறது.

1956இல் பசிலிக்கா பட்டம் கிடைத்தது. பட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு இது இன்றைக்கும் பங்குக் கோயில்தான். ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்க வருகிறார்கள், கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி வருகிறார்கள். சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள் கல்லறைக்கு வழி கேட்டால் சொல்வதும் அவர்கள்தான்.