கொல்லைப்புறத்தில் ஒரு மரத் திண்ணை

அமெரிக்கா போய் வந்தவர்களைக் கேட்டால் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சொல்வார்கள். சுதந்திர தேவி சிலையைப் பற்றிச் சொல்வார்கள். நான் சொல்லப் போவது வெறும் கொல்லைப்புறத்தைப் பற்றி! 2023-ம் வருஷக் கோடைக்காலம் முழுவதும் நியூஜெர்ஸி மாநிலத்தில், எடிசன் என்ற ஊரில், என் பெண் வீட்டில் தங்கியிருந்தேன். பத்து மாதப் பேரன் தவழ்ந்து வீட்டையே அளந்துகொண்டிருந்த சமயம் அது.

எடிசன் நம்மவர்கள் நிறைந்த ஊர். ஓக் ட்ரீ ரோடு என்ற கடைத்தெருவில் முருங்கைக்காயிலிருந்து பட்டுப் புடவை வரை கிடைக்கிறது. ஆனால் தெருவுக்குள் நுழைந்தால் ஆள் நடமாட்டமே இல்லை. வாசலில் பச்சைப் புல்தரை, மூடிய கதவு. நம்மூரில் திண்ணை வாசலில் இருக்கும். போகிறவர் வருகிறவரை விசாரிக்கலாம். அங்கே திண்ணை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் 'டெக்'. சமையலறைக் கதவைத் திறந்தால் நேரே அதில்தான் கால் வைக்கிறோம். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், மரத் தூண்களின் மேல் பலகை பாவி, சுற்றிலும் கிராதி போட்ட மேடை. வெயில் காலத்தில் காபி, சாப்பாடு, குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது எல்லாமே அதில்தான்.

பார்க்க அழகாக இருக்கிறதே என்று பேரனை அதில் இறக்கி விடப் போனேன். "அம்மா, குழந்தையைக் கீழே விடாதே!" என்று என் பெண் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். சிராய் குத்திவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். விஷயம் அதைவிடப் பெரியது.

பச்சை நிற மரத்தின் கதை

அவர்கள் வாங்கியது பழைய வீடு. டெக் 1997-ல் கட்டியது என்று வீட்டுப் பத்திரங்களோடு இருந்த காகிதத்தில் எழுதியிருந்தது. அந்த வருஷம்தான் என் பெண்ணின் கவலைக்குக் காரணம்.

அங்கே வீடுகளுக்கு அதிகம் உபயோகிப்பது பைன் மரம். சீக்கிரம் வளரும், விலையும் குறைவு. ஆனால் மழையிலும் பனியிலும் கிடந்தால் நாலைந்து வருஷத்தில் மக்கிவிடும். அதனால் பலகைகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, மருந்து கலந்த நீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். மரத்தின் உள் வரைக்கும் மருந்து ஊறிவிடும். பிறகு கரையானும் பூஞ்சையும் கிட்டே வராது.

முன்பெல்லாம் இதற்கு உபயோகித்த மருந்து தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்தது. ஆர்செனிக் என்றால் நம் பாட்டிமார்கள் சொல்லும் பாஷாணம்தான்! இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்றால் ஆச்சரியமாக இருக்கிறது, இல்லையா? டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோண்டி காமேசம் என்பவர் 1933-ல் கண்டுபிடித்தது. உலகம் முழுவதும் தந்திக் கம்பங்களும் வேலிக் கால்களும் இந்த மருந்தால் நீண்ட காலம் நின்றிருக்கின்றன. கம்பத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் தவழும் குழந்தை கம்பத்தை நக்குவதில்லை. பலகையில் உள்ளங்கையை ஊன்றிவிட்டு அதே கையை வாயில் வைத்துக்கொள்கிறது. மழையிலும் வெயிலிலும் ஆர்செனிக் கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் மேலே வரும். கீழே உள்ள மண்ணிலும் இறங்கும். அதனால் 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு வீடுகளுக்கான மரத்தில் இந்த மருந்தைப் போடுவதை அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் வருவது தாமிரத்தை முக்கியமாக நம்பிய, ஆர்செனிக் இல்லாத மருந்துகள்.

"பழைய டெக்கை உடனே இடிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லவில்லை அத்தை. நல்ல வார்னிஷ் மாதிரி ஒன்றை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூசி வைத்தால் வெளியே வருவது குறையுமாம்" என்றார் மாப்பிள்ளை. பூசினால் போதுமா, பிரிக்க வேண்டுமா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் தீர்ப்புச் சொன்னது வந்து பார்த்த தச்சர்தான்.

ஆணியா, போல்ட்டா?

அறுபது வயது மனிதர். மேலே பலகையைப் பார்க்கவே இல்லை. நேராக டெக்குக்கு அடியில் குனிந்து போனார். வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைக்கும் நீளச் சட்டத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பொறை மாதிரி உள்ளே போயிற்று! அந்தச் சட்டத்தைச் சுவரில் பிடித்திருந்தது வெறும் ஆணிகள். போல்ட் ஒன்றுகூட இல்லை.

அங்கே டெக்குகள் விழுவதற்கு முக்கியமான காரணமே இதுதானாம். ஆணி நேராக இழுத்தால் வெளியே வந்துவிடும், போல்ட் வராது. சுவரும் சட்டமும் சேரும் இடத்தில் தகடு போடாவிட்டால் தண்ணீர் தங்கி மரம் மக்கும். 2003 ஜூன் மாதம் சிகாகோவில் ஒரு விருந்தின்போது மரத் தாழ்வாரம் இடிந்து 13 பேர் இறந்திருக்கிறார்கள். 2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், தண்ணீர் புகுந்து மக்கிய மரத்தால் மாடி பால்கனி முறிந்து 6 பேர் பலியானார்கள். இவற்றைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த டெக்கில்தான் அடுத்த மாதம் பேரனின் ஆண்டு நிறைவுக்கு நாற்பது பேரைக் கூப்பிடுவதாக இருந்தார்கள்! பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று.

எந்த மரம்?

மரக் கடை என்றால் நம்மூர்க் கடையை நினைக்காதீர்கள். நாலு கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கொட்டகை. மருந்து ஏற்றிய பைன் பலகைகளின் முனையில் சீட்டு அடித்திருக்கிறார்கள். 'மண்ணைத் தொடலாம்', 'மண்ணுக்கு மேலே மட்டும்' என்று இரண்டு வகை. தூணுக்கும் அடிச்சட்டத்துக்கும் முதல் வகையைத்தான் எடுக்கச் சொன்னார் தச்சர். ஒவ்வொரு பலகையையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தார். நாம் கத்தரிக்காய் பொறுக்குவது போலத்தான்! முறுக்கியதும், முடிச்சுகள் அதிகம் உள்ளதும் ஒதுக்கப்பட்டன. புதிய பலகைகள் மருந்து நீரில் ஊறி வருவதால் ஈரமாகவும் கனமாகவும் இருக்கும். காயும்போது சுருங்கும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் வர்ணம் பூச வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். உடனே உறிஞ்சிக் கொண்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு ஸீடர், ரெட்வுட் மரங்கள் இருக்கின்றன. நம் தேக்கைப் போலவே வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் உழைக்கும். வெளிப்புற வெள்ளைப் பகுதி உழைக்காது. தென் அமெரிக்காவிலிருந்து வரும் 'ஈபே' என்ற மரமோ இரும்பு மாதிரி. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். முதலில் துளை போடாமல் திருகாணி இறங்காது. காடுகள் அழிவதால் இதன் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 2022-ல் சைட்டிஸ் உடன்படிக்கையில் சேர்த்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது அமலுக்கு வந்தது.

மூன்றாவது வகைதான் 'காம்போஸிட்'. மரத்தூளையும் பழைய பிளாஸ்டிக் பைகளையும் சேர்த்து உருக்கிப் பலகையாக வார்க்கிறார்கள். சிராய் குத்தாது, மக்காது, வருஷா வருஷம் பூச வேண்டாம். விலை மட்டும் மருந்து ஏற்றிய பைனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பாரம் தாங்கும் தூணுக்கோ சட்டத்துக்கோ இது ஆகாது. மேலே பாவ மட்டும்தான். அடிச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் தொய்யும்.

கடையில் சின்னச் சின்ன மாதிரித் துண்டுகள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவற்றை வடாம் காயவைப்பது போல உச்சி வெயிலில் வரிசையாக வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், கறுப்புக்குப் பக்கமான காப்பிக்கொட்டை நிறப் பலகையில் கை வைக்கவே முடியவில்லை. வெளிர் சாம்பல் நிறம் பரவாயில்லை. சாதாரண மரம் அதைவிடச் சூடு குறைவு. "எனக்கு அந்தக் காப்பி நிறம்தான் பிடிச்சிருந்தது" என்றாள் என் பெண், ஏக்கத்தோடு. "உனக்குச் செருப்பு இருக்கு, அவனுக்கு முழங்கால்தானே இருக்கு?" என்றேன். வெளிர் நிறம் வந்தது.

கடலோரத்து மரப் பாதை

வேலை ஆரம்பிக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்லாண்டிக் ஸிட்டிக்குப் போனோம். அங்கே கடற்கரையை ஒட்டிச் சுமார் 4 மைல் நீளத்துக்குப் பலகை பாவிய நடைபாதை. முதன்முதலில் போட்டது 1870-ல். கடற்கரைக்குப் போனவர்கள் காலோடு மணலை ஓட்டலுக்குள்ளும் ரயில் பெட்டிக்குள்ளும் கொண்டு வந்து கொட்டினார்களாம். பெருக்கிப் பெருக்கி அலுத்துப் போனவர்கள் கண்டுபிடித்த வழி இது! ஆரம்பத்தில் பனிக்காலம் வந்தால் பலகைகளைக் கழற்றி எடுத்து வைத்துவிடுவார்களாம். சிமெண்டில் நடந்தால் வலிக்கும் என் முழங்கால், அன்று ஒரு மைல் நடந்தும் வலிக்கவில்லை. மரம் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறது.

நியூயார்க்கில் கோனி ஐலண்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1923-ல் திறந்தது. அதற்கும் ஈபே மரம் போட்டார்கள். காட்டு மரங்களின் உபயோகத்தைக் குறைப்பதாக 2008-ல் நியூயார்க் நகரம் அறிவித்தது. சில பகுதிகளில் சிமெண்டும் பிளாஸ்டிக் பலகையும் வந்தன. ஊர்க்காரர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2018-ல் அந்தப் பாதையை நகரத்தின் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். காடும் வேண்டும், காலுக்கு மரமும் வேண்டும். சுலபமான கணக்கில்லை.

பிரித்ததும் கட்டியதும்

பழைய டெக்கைப் பிரித்த அன்று குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். குவிந்த கட்டைகளைப் பார்த்ததும் எனக்கு நம்மூர் வெந்நீர் அடுப்பு ஞாபகம் வந்தது. "இதை எரிச்சா சாம்பலில் அத்தனை ஆர்செனிக்கும் சேர்ந்துடும் அத்தை" என்று மாப்பிள்ளை விளக்கினார். தோட்டத்தில் தூளாகப் போடவும் கூடாது. குப்பைக் கிடங்குக்கே அனுப்பினார்கள். அடியிலிருந்த மண்ணில் கீரை, புதினா எதுவும் போடுவதில்லை என்று வைத்து, சரளைக்கல் பரப்பியாயிற்று.

கட்டுவதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். பூமி பனியில் உறையும் ஆழத்துக்குக் கீழே குழி எடுக்க வேண்டும். இல்லையென்றால் தூணையே மண் தூக்கிவிடும். குழியைக் காட்டிய பிறகுதான் கான்கிரீட், சட்டத்தைக் காட்டிய பிறகுதான் பலகை. இப்போதைய மருந்தில் தாமிரம் அதிகம். சாதாரண ஆணியை அரித்துவிடும். அதனால் தடிமனான துத்தநாகப் பூச்சு உள்ளது அல்லது எவர்சில்வர்தான் போட வேண்டும். காம்போஸிட் பலகை வெயிலில் நீளும். முனைகளில் இடைவெளி விட்டார்கள். கிராதி 36 அங்குல உயரம். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழையக்கூடாது. குழந்தையின் தலை நுழையாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கு.

நம் வீட்டுக்கும் உதவும்

நம்மூரிலும் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் 'டபிள்யூ.பி.சி.' என்ற பெயரில் இந்தப் பலகைகள் வந்துவிட்டன. போட நினைப்பவர்கள் கவனிக்க:

* வெளியில், வெயிலிலும் மழையிலும் போடுவதற்கென்று செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். அதே பெயரில் அலமாரிக்கான பலகையும் விற்கிறார்கள்.

* மாதிரித் துண்டை உச்சி வெயிலில் வைத்துக் கையால் தொட்டுப் பாருங்கள். நம் வெயிலுக்கு வெளிர் நிறமே நல்லது.

* மரப் பலகையானால் மண்ணில் படாமல், இடையில் குச்சி வைத்துக் காற்றாட அடுக்குங்கள். காம்போஸிட் நீளமாக, கனமாக இருக்கும். இரண்டு பேர் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை இழுத்தால் கீறல் விழும்.

* அறுக்கும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் குழந்தைகளை அண்ட விடாதீர்கள். வேலை செய்பவர் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளட்டும். அந்தத் துணிகளைக் குழந்தைத் துணியோடு துவைக்க வேண்டாம்.

* எண்ணெயோ குழம்போ சிந்தினால் உடனே சோப்பு நீரில் துடையுங்கள். ரப்பர் மிதியடி போட்டால் காம்போஸிட்டில் கறை விழலாம்.

* வருஷத்துக்கு ஒரு தடவை அடியில் குனிந்து பாருங்கள். மரம் மெத்தென்று இருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, கிராதி ஆடுகிறதா என்று பாருங்கள். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் தாங்குவது அடிச்சட்டம்தான்.

ஆண்டு நிறைவுக்கு நாற்பது பேர் வந்தார்கள். எல்லோரும் புதிய டெக்கின் நிறத்தைப் பாராட்டினார்கள். போல்ட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எண்ணிக்கையே சொல்லியிருப்பேன்!