தங்கத் தோல் தேடிய கடல்வழி

கருங்கடலின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஜார்ஜிய நாட்டின் பாட்டூமி நகரம். அதன் சதுக்கத்தில், உயர்ந்த பீடத்தின் மேல், கையில் ஆட்டுத் தோலை ஏந்தி நிற்கிறாள் மெதேயா. 2007ல் நிறுவப்பட்ட சிலை இது. கிரேக்க நாடகத்தில் அவள் பெற்ற பிள்ளைகளையே கொன்றவள். இங்கோ சொந்த மண்ணின் இளவரசி.

கதை பழையது. கிரீஸின் இயோல்கோஸ் நகரில் தனக்குச் சேர வேண்டிய அரியணையைக் கேட்கிறான் ஜேசன். அவனை ஒழித்துக்கட்ட நினைக்கும் மன்னன் பீலியாஸ், கொல்கிஸ் நாட்டிலிருந்து தங்கத் தோலைக் கொண்டுவரும்படி அனுப்புகிறான். சுமார் 50 வீரர்களுடன் புறப்படுகிறது 'ஆர்கோ' கப்பல். இன்று வோலோஸ் துறைமுகம் இருக்கும் இடத்தையொட்டியதுதான் அந்த இயோல்கோஸ் என்பது மரபு. கொல்கிஸ், இன்றைய மேற்கு ஜார்ஜியா.

தங்கத் தோல் வெறும் கற்பனையா? மலையருவிகளில் அடித்து வரும் பொன் துகள்களை ஆட்டுத் தோலில் படியவிட்டுச் சேகரிக்கும் வழக்கம் கொல்கிஸில் இருந்ததாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஜார்ஜியாவின் ஸ்வனேத்தி மலைப்பகுதியில் அந்த முறை அண்மைக் காலம் வரை நீடித்தது. கம்பளி ரோமத்தில் தங்கம் ஒட்டிக்கொள்ளும். மணல் நீரோடு போய்விடும்.

இந்தக் கடல்வழியைத் துடுப்புப் போட்டே சோதித்துப் பார்த்தவர் டிம் செவரின். 1940ல் அஸ்ஸாமில் பிறந்தவர். 1961ல், ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்தபோது, மார்க்கோ போலோ போன பாதையில் நண்பர்களுடன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சீனாவுக்குள் நுழைய வழி கிடைக்காததால் பயணம் பாதியில் நின்றது. ஆனால் ஆசை நிற்கவில்லை. மலபார் மரத்தில், ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த 'சோஹர்' கப்பலை ஓமானில் கட்டினார். சிந்துபாத்தின் வழியில் கோழிக்கோடு, இலங்கை எனத் தங்கித் தங்கி 1981ல் சீனாவின் கான்டன் துறைமுகத்தை அடைந்தார். இருபது வருடக் காத்திருப்பு.

அடுத்தது ஆர்கோ. 54 அடி நீளம், 20 துடுப்புகள். 1984ல் வோலோஸிலிருந்து புறப்பட்ட கப்பலில் பல நாட்டுத் தொண்டர்கள் துடுப்பு வலித்தார்கள். துருக்கிக் கடற்கரையில் துருக்கியரும், ஜார்ஜியாவில் ஜார்ஜியரும் சேர்ந்துகொண்டார்கள். பாஸ்பரஸ் நீரிணையின் எதிர் நீரோட்டம்தான் பெரும் சோதனை. புராணத்தில் அதன் வாயிலில் இரண்டு பாறைகள் மோதிக்கொண்டே இருக்கும். முதலில் ஒரு புறாவைப் பறக்கவிட்டு, அது வால் சிறகு மட்டும் இழந்து தப்பியதைப் பார்த்த பிறகே வீரர்கள் வேகமாகத் துடுப்பு வலித்துக் கடந்தார்கள். சுமார் 1,500 மைல் தாண்டி, செவரின் அன்றைய சோவியத் ஜார்ஜியாவை அடைந்தார். அது பனிப்போர்க் காலம். ஆனாலும் கதவு திறந்தது.

2008ல் திறக்கவில்லை. அந்த வருடம் கிரேக்கர்கள் 50 துடுப்புகளுடன் புதிய ஆர்கோவைக் கட்டினார்கள். போக நினைத்தது ஜார்ஜியாவுக்கு. பாஸ்பரஸில் பாதுகாப்பான பயணத்துக்குத் துருக்கியின் உறுதி கிடைக்காததால், கப்பல் மேற்கே திரும்பி வெனிஸ் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் போர் மூண்டு, ஜார்ஜியாவின் போட்டி துறைமுகத்தில் ரஷ்யப் படைகள் புகுந்தன. பாறைகள் மோதுவது நின்றுவிட்டது. அரசுகள் மோதுவது நிற்கவில்லை.

உலகம் சுற்றும் ஆசையுள்ள இந்தியருக்கு இது புதிதல்ல. அவர்களது முதல் பாறை விசா அலுவலகத்தின் ஜன்னல். வோலோஸைப் பார்க்கவே ஷெங்கன் விசா வேண்டும். வங்கிக் கணக்கு, சம்பளச் சான்று, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் காட்டியாக வேண்டும். பலர் அந்த வரிசையிலேயே ஆசையை மடித்து வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் படிப்பு முடியட்டும், ஓய்வு பெறட்டும் என்று தள்ளிப்போட்டு, பெட்டி தூக்கத் தெம்பில்லாத வயதில் அட்லஸைப் புரட்டுபவர்களும் உண்டு.

செவரின் 2020ல் காலமானார். அதற்குள் அவர் பார்க்க நினைத்த கடல்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டிருந்தார். ஜேசனின் முடிவு வேறு. தங்கத் தோல் கிடைத்தும் அவனுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில், கரையேற்றி வைத்த ஆர்கோவின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, உளுத்துப்போன மரம் ஒன்று தலையில் விழுந்து இறந்தான் என்கிறது கதை. மோதும் பாறைகள் அவனைக் கொல்லவில்லை. ஓடாமல் நின்ற கப்பல் கொன்றது.