தெருவுக்குத் தெரிந்த சேர்மன்

டிசம்பர் பிறந்தால் குப்பர்டினோவில் மேயர் தேர்வு வந்துவிடும். கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில், சுமார் 60,000 பேர் வசிக்கும் ஊர் இது. நகர மன்றத்தில் மொத்தம் ஐந்தே உறுப்பினர்கள். நவம்பர் தேர்தல்களில் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவது அவர்களைத்தான். மேயர் யார் என்பதை அந்த ஐவரும் தங்களுக்குள் ஆண்டுக்கொரு முறை முடிவு செய்துகொள்கிறார்கள். நூலகத்தை ஒட்டிய கம்யூனிட்டி ஹாலில், வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்க, ஒருவர் பெயரை முன்மொழிவார். இன்னொருவர் வழிமொழிவார். வாக்கெடுப்பு நடக்கும். மனவேறுபாடு இருந்தால் அதுவும் அங்கேயே வெளிப்பட்டுவிடும். பிறகு புதியவர் நடு நாற்காலிக்கு வருவார். அதுவரை அதில் இருந்தவர் நகர்ந்து ஓர நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த பொருள் என்ன என்று காகிதத்தைப் புரட்டுவார்.

அவர் அப்படி நகர்ந்து உட்காரும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணம் வந்துவிடுகிறது.

1960-களின் கும்பகோணம். 1866-லேயே முனிசிபாலிடி ஏற்பட்ட ஊர். அப்பா அங்கே குமாஸ்தா. கவுன்சிலர்கள்தான் சேர்மனைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் போவதே எங்கள் தெருவில் ஒரு சேதி. டவாலி போட்ட பியூன் சைக்கிளில் வருவார். கக்கத்தில் தபால் புத்தகம். கவுன்சிலர் வீட்டுத் திண்ணையோரம் சைக்கிளை நிறுத்தி, மணியை ஒருதரம் அடித்துவிட்டு நிற்பார். உள்ளேயிருந்து கவுன்சிலர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் இல்லையென்றால் பியூன் காகிதத்தை வைத்துவிட்டுப் போக மாட்டார், திரும்பி வருவார். "நோட்டீஸ் குடுத்த நாளும் கணக்குல்ல, கூட்டம் நடக்கற நாளும் கணக்குல்ல. நடுவுல முழுசா மூணு நாள் இருக்கணும்" என்பார் அப்பா. அதில் ஒரு நாள் குறைந்தாலும் தேர்தல் செல்லாது என்று யாராவது கோர்ட்டுக்குப் போய்விடலாம் என்ற கவலை அவருக்கு.

இன்னொரு கவலையும் உண்டு. இரு தரப்புக்கும் சமமாக ஓட்டு விழுந்துவிட்டால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கான சீட்டுகளை அப்பா முதல்நாள் இரவே வீட்டில் வெட்டி வைப்பார். மர ஸ்கேலை நான் அசையாமல் பிடித்துக்கொள்வேன்; அவர் பிளேடால் இழுப்பார். வெட்டிய சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு சீட்டு மற்றதைவிட நூலிழை பெரிதாக இருந்தாலும் எடுக்கிறவர் விரலுக்குத் தட்டுப்படும், அது மோசடி என்று சொல்லிக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வெட்டுவார். பெரும்பாலும் அந்தச் சீட்டுகளுக்கு வேலை வராது. ஆனாலும் அடுத்த தேர்தலுக்கு மறுபடி வெட்டுவார்.

யார் சேர்மனாகப் போகிறார் என்பது ஊருக்கு முன்கூட்டியே ஏறக்குறைய தெரிந்திருக்கும். சலூனில் பேசுவார்கள், வெற்றிலைக் கடையில் பேசுவார்கள், காந்தி பார்க் கூட்டம் கலைந்து நடக்கும்போது பேசுவார்கள். தெருவுக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றிய பேச்சு அது. பாத்திரக்கடைக்காரர் நல்லவர், ஆனால் கோபக்காரர். வக்கீலுக்குச் சட்டம் தெரியும், ஊர்ச் சாக்கடை தெரியாது. இவர் காங்கிரஸ், அவர் கழகம், ஆனால் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆளை எடை போட்டுத்தான் பேசுவார்கள். காலையில் எந்தக் கடையில் காபி குடிக்கிறார் என்பது வரை தெரிந்த ஆள் என்பதால் அந்த எடை அநேகமாகத் தப்பாது.

புதிய சேர்மனுக்கு மாலை போட்டு நாகஸ்வரத்தோடு பெரிய தெரு வழியாக அழைத்து வருவார்கள். பதவியிலிருந்து இறங்கியவரும் கூடவே நடந்து வருவார். அப்படி ஒரு ஊர்வலத்தை எங்கள் தெரு முனையில் ஒரு பாட்டி நிறுத்தினார். இடுப்பில் காலிக் குடம். "ஏம்ப்பா, மாலையெல்லாம் அப்பறம் போட்டுக்கலாம். இந்தக் குழாய்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. ஒங்கிட்ட கேக்கறதா, இவன்கிட்ட கேக்கறதா?" என்று புதியவரையும் பழையவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். பழைய சேர்மன் முந்திக்கொண்டு, "ஆச்சி, இன்னையிலேர்ந்து இவர்கிட்ட கேளுங்க. இவர் செய்யலன்னா எங்கிட்ட வாங்க, நான் கூட்டத்துல கேக்கறேன்" என்றார். நாகஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பதிலின் அருமை எனக்கு அமெரிக்காவில்தான் புரிந்தது. ஊரிலேயே பெரிய பதவியை விட்டு இறங்கிய ஒருவர், அதே மன்றத்தில் சாதாரண உறுப்பினராக இருந்து, தெருவின் கேள்வியைத் தன் வாயால் கேட்பேன் என்கிறார். தலைவர் பதவி என்பது மன்றத்துக்குள் இருந்து வந்து, மன்றத்துக்குள்ளேயே திரும்பிப் போகிறது.

சென்னையிலும் ஒரு காலத்தில் அதுதான் முறை. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி அது. 1933-இல் முத்தையா செட்டியார் மேயரானதிலிருந்து, உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தங்களில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். ஒரே ஆண்டில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு அப்பா தீரர் சத்தியமூர்த்தியைச் சொல்வார். 1939-இல் மேயரானவர், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பூண்டி நீர்த்தேக்கம்தான் வழி என்று விடாமல் வாதாடி வேலையைத் தொடங்க வைத்தார். 1944-இல் அது முடிந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். அந்த நீர்த்தேக்கம் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. சென்னையின் முதல் பெண் மேயர் தாரா செரியன் வந்ததும் இந்த ஆண்டுச் சுழற்சி வழியாகத்தான்.

1973-இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். இருபத்து மூன்று ஆண்டுகள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், கோப்புகள் நகர்ந்தன. மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட அங்கே இல்லை. அந்த இடைவெளியில் சென்னையில் பிறந்த ஒரு குழந்தை கல்லூரி முடித்திருக்கும், தன் வார்டு உறுப்பினர் என்று ஒருவரைப் பார்க்காமலே. மற்ற ஊர்களிலும் முனிசிபல் தேர்தல் வராமலே ஆண்டுகள் ஓடின. சலூனிலும் வெற்றிலைக் கடையிலும் நடந்த பேச்சு நின்றுபோனது அப்போதுதான். அடுத்த சேர்மன் யார் என்று ஊகிக்க ஆளே இல்லாதபோது அங்கே எதைப் பேசுவார்கள்?

அதற்கு முந்தைய காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய நகர மன்றங்களில் பெண்கள் அரிது. துப்புரவுத் தொழிலாளர்கள் வாழ்ந்த தெருக்களுக்குத் தண்ணீரும் விளக்கும் எல்லாருக்கும் கடைசியில்தான் போயின. தலைவர் தேர்தல் நெருங்கினால் உறுப்பினர்களை வேனில் ஏற்றிக் குற்றாலத்திலோ கொடைக்கானலிலோ கொண்டுபோய் வைத்துவிட்டு, ஓட்டுப் போடும் நேரத்துக்கு அழைத்து வரும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது, இருக்கிறது. தெருவுக்குத் தெரிந்த தலைவரைத் தெருவுக்குத் தெரியாமல் தேர்ந்தெடுக்க அது ஒரு வழி.

கலிஃபோர்னியாவில் இதற்கு 1953-லேயே பிரவுன் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்துவிட்டார்கள். மன்றத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள், அறிவித்த கூட்டத்துக்கு வெளியே, ஊர் விஷயம் எதையும் சேர்ந்து பேசக்கூடாது. ஐந்து பேர் மன்றம் என்றால் இருவர் காபி குடித்தபடி பேசலாம். மூன்றாமவர் வந்து அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டால் சட்டமீறல். கூட்டத்தில் எதைப் பேசப் போகிறார்கள் என்பதை 72 மணி நேரம் முன்பே எல்லாரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும். இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது, அப்பா விரல் விட்டு எண்ணிய மூன்று நாள் இங்கும் இருக்கிறதே என்று மனம் குளிர்ந்துபோனேன்.

2011 ஜூன் 7-ஆம் தேதி இதே குப்பர்டினோ மன்றத்தின் முன்னால் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து நின்றார். ஆப்பிளின் புதிய வளாகத்துக்கு அனுமதி வேண்டும். உடல் மிகவும் மெலிந்திருந்தது. மேயர் கில்பர்ட் வாங்கும் மற்ற உறுப்பினர்களும் கேள்வி கேட்டார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த மனிதர் மனுதாரர்களுக்கான இடத்தில் நின்றே பதில் சொன்னார். அதுவே அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சி. அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். பெரிய செல்வர்களும் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று அப்பா பெருமையாகச் சொல்வதுண்டு; அதன் பொருள் இதுதான். 2016 டிசம்பரில் இந்த மன்றத்தின் நடு நாற்காலிக்கு சவிதா வைத்தியநாதன் வந்தார். குப்பர்டினோவின் முதல் இந்திய வம்சாவளிப் பெண் மேயர். ஓராண்டு முடிந்ததும் அவரும் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்.

அதே வளைகுடாப் பகுதியில் உள்ள ஃப்ரீமான்ட்டில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011 டிசம்பர் 29 அன்று மேயர் பாப் வாசர்மன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணை மேயராக இருந்த அனு நடராஜன் பொறுப்பை ஏற்றார். மீதிக் காலத்துக்கு யார் என்று மன்றம் கூடி யோசித்து, 2012 தொடக்கத்தில் முன்னாள் மேயர் கஸ் மாரிசனை நியமித்தது. நவம்பர் தேர்தலில் அனு நடராஜன் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார். வென்றவர் பில் ஹாரிசன். அனு நடராஜன் மன்ற உறுப்பினராகவே பணியைத் தொடர்ந்தார். ஒரு தலைவர் மறைந்து, அடுத்தவர் முறைப்படி வரும்வரை அந்த ஊரில் ஒரு நாள்கூடப் பொறுப்பாளர் இல்லாமல் போகவில்லை.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர மன்றங்களின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. அப்படியிருந்தும் 2016-இல் பதவிக்காலம் முடிந்த தமிழ்நாட்டு நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. நடுவில் வந்த கொரோனாவைப் பெரும்பாலான நகரங்கள் கவுன்சிலர் இல்லாமலே எதிர்கொண்டன. வீட்டு வாசலில் வந்து நின்று, யாருக்குக் காய்ச்சல், யாருக்கு அரிசி இல்லை என்று கேட்க வேண்டிய ஆள் அந்த நேரத்தில் இல்லை.

2022 மார்ச் 4-ஆம் தேதி மேயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தல் போய், மறுபடி கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை. சென்னைக்கு 28 வயது பிரியா மேயரானார். அந்த மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர். கும்பகோணம் முனிசிபாலிடியோ அதற்குள் மாநகராட்சியாகிவிட்டது. அதன் முதல் மேயர் க. சரவணன், ஆட்டோ ஓட்டுநர். பதவியேற்க ஆட்டோவிலேயே வந்தார் என்ற செய்தியைப் படித்தபோது, அப்பா இருந்து இதைப் பார்த்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். அந்தக் காலத்து மன்றங்களில் கடை முதலாளிக்கும் வக்கீலுக்கும் மிராசுதாருக்கும் கிடைத்த நாற்காலி, சவாரிக்காக ஸ்டாண்டில் காத்திருந்த ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது. நான் இத்தனை ஆண்டுகள் ஏங்கிய அந்தப் பழைய கும்பகோணத்தால் கொடுக்க முடியாதது இது.

அதனால் பழைய ஊர் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பியூனின் சைக்கிள் வேண்டாம், நாகஸ்வரம்கூட வேண்டாம். தேதி மட்டும் தவறக் கூடாது. 2022-இல் அமைந்த மன்றங்களுக்கு 2027 தொடக்கத்தோடு ஐந்து ஆண்டு நிறைகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும், அதற்கடுத்ததும் அப்படியே. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குக் கவுன்சிலர்கள் தங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, தங்கள் தெரு வழியாக நடந்து போக வேண்டும். இன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தைக்குத் தன் கவுன்சிலர் யார், அவர் வீடு எது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் தண்ணீர் வராத நாளில் யாரை நிறுத்தி என்ன கேட்பது என்பதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.