செலக்‌ஷனுக்கு யார் வருகிறார்கள்?

காலை ஏழரைக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியின் சிமென்ட் கோர்ட்டில் மாவட்ட ஜூனியர் கூடைப்பந்து அணிக்கான செலக்‌ஷன். ராத்திரி பெய்த மழை ஒரு மூலையில் தேங்கி நிற்க, இரண்டு பையன்கள் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு ரிங்கில் வலை இருந்தது. இன்னொன்றில் நாலு நூல்தான் மிச்சம். மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் வாங்கிய போனஃபைடு எல்லாவற்றையும் நீட்டிவிட்டு, பிள்ளைகள் முதுகில் நம்பர் குத்திக்கொண்டார்கள்.

வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் மூன்று பேர் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். தேர்வுக் குழுவில் அவர்கள் இல்லை. கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள். அடுத்த வருடத்துக்கும் அதற்கடுத்த வருடத்துக்கும் ஆள் தேடி வந்தவர்கள். அவர்களில் சென்னைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்த பி.டி. சார் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அவர் மடியில் நாற்பது பக்க நோட்டு, நடுவில் ஒரு பென்சில்.

அமெரிக்காவில் இதே வேலை வேறு விதமாக நடக்கிறது. பள்ளி முடிக்கப்போகும் ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர்களைப் பொறுக்கி இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடும் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் போட்டி 1978 முதல் அங்கே நடந்துவருகிறது. 2003இல் அதில் ஆடிய லெப்ரான் ஜேம்ஸ், கல்லூரிக்கே போகாமல் நேராக என்.பி.ஏ.வுக்குப் போனார். அங்கே கல்லூரிப் பயிற்சியாளர் பையனின் வீட்டுக்கே போய் சோபாவில் உட்கார்ந்து அப்பா அம்மாவிடம் பேசுவார். இங்கே பையன்தான் பஸ் பிடித்து வர வேண்டும். வந்தவர்களில்தான் பொறுக்க முடியும்.

முதல் அரை மணி நேரம் லே-அப் வரிசை. வலது பக்கத்திலிருந்து ஓடிவந்து எல்லாரும் போட்டார்கள். ‘இடது கை’ என்று விசில் அடித்ததும் வரிசை தடுமாறியது. பாதிப் பேர் இடது பக்கம் ஓடிவந்து வலது கையாலேயே போட்டார்கள். பி.டி. சாரின் பென்சில் அப்போதுதான் அசைந்தது. நோட்டில் அவர் போட்டிருந்த தலைப்புகளை எட்டிப் பார்த்தேன்: கை, கால், உயரம், கை நீளம், ‘திரும்பி ஓடுகிறானா’, ‘சொன்னால் கேட்கிறானா’. புள்ளிக் கணக்குக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

“கோல் போடுறவன எல்லாருக்கும் தெரியும் சார். அவன் மூணு கோல் போட்டா மைதானமே கை தட்டும். பந்து கைய விட்டுப் போனப்புறம் அவன் என்ன பண்றான், அதத்தான் நான் பாக்கணும்” என்றார்.

அடுத்து ஆட்டம். பள்ளி அணிகளைக் கலைத்து, நான்கு நிற பனியன் கொடுத்துப் பிரித்துவிட்டார்கள். அதுவரை ஒன்றாக ஆடியவர்கள் எதிரெதிரே நின்றார்கள். சொந்த அணியில் நண்பன் பந்தைத் தேடிக் கொடுத்துவிடுவான். முகம் தெரியாத நாலு பேருடன் ஆடும்போது, நல்ல இடத்துக்கு ஓடிப்போய் நின்றால்தான் பந்து வரும். யாருக்கு ஆட்டம் தெரியும், யாருக்குத் தன் பள்ளியின் ஆட்டம் மட்டும் தெரியும் என்பது பத்தே நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

14ஆம் நம்பர் டவுன் பையன். 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து அடுத்தடுத்து மூன்று புள்ளி கோல் போட்டான். பி.டி. சார் அவன் பெயருக்கு நேராக ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்தார். பந்தைப் பறிகொடுத்த ஒவ்வொரு முறையும் அவன் நடுவரைப் பார்த்துக் கை விரித்துக்கொண்டு நின்றான். எதிரணி அதற்குள் மறுமுனையில் கோல் போட்டிருந்தது.

31ஆம் நம்பர் கல்வராயன் மலையிலிருந்து வந்தவன். பதினொன்றாம் வகுப்பு, ஆறடிக்கு ஓர் அங்குலம் மேலே; கைகள் அதைவிட நீளம். எம்பினால் எல்லோர் தலைக்கும் மேலே ரீபவுண்ட் அவன் விரலில் இருக்கும். எடுத்த பந்தை உடனே இடுப்புக்கு இறக்கிவிடுவான். அங்கே காத்திருக்கும் குட்டைக் கார்டு தட்டிக்கொண்டு ஓடிவிடுவான். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை இதேதான். கோட்டுக்கு வெளியிலிருந்து அவனுடைய பி.இ.டி. மாஸ்டர் கத்தினார்: “டேய், கீழ எறக்காத! தாடைக்கு மேலயே வெச்சுக்க, முழங்கைய விரி!”

அடுத்த ரீபவுண்ட். பந்து தாடைக்கு மேலேயே நின்றது. முழங்கைகள் இரண்டும் விரிந்தன. குட்டைக் கார்டு கையை நீட்டிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டான். 31 ஒற்றைக் காலை ஊன்றி, அதிலேயே பிவட் அடித்துத் திரும்பி, பாஸ் கொடுத்தான். அந்த ஆட்டம் முடியும்வரை அவன் பந்தை இறக்கவே இல்லை. ‘சொன்னால் கேட்கிறானா’ கட்டத்தில் பி.டி. சார் இரண்டு டிக் போட்டார்.

இடைவேளையில் அவனைக் கூப்பிட்டார். பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மார்க், அப்பா எவ்வளவு உயரம் என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, “ஷூ சைஸ் என்னப்பா?”

“பத்து சார். இது ஒம்பது. பிரெண்டோடது.”

பி.டி. சார் குனிந்து ஷூவின் முனையை அழுத்திப் பார்த்தார். விரல் மடங்கித்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை எம்பல்.

அவர் தரக்கூடியது என்ன என்று கேட்டேன். கட்டணமில்லாத இடம், ஹாஸ்டல், சாப்பாடு, நாலு வருடம் கோர்ட். பதிலுக்குப் பையன் கல்லூரிக்காகவும், பிறகு பல்கலைக்கழகத்துக்காகவும் ஆட வேண்டும். கல்லூரியைத் தாண்டியும் வழி இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். அரசு வேலையில் 3 விழுக்காடு. முதலமைச்சர் கோப்பை மாநிலப் போட்டியில் குழு விளையாட்டில் முதலிடம் பிடித்தால் ஆளுக்கு 75,000 ரூபாய். ஆனால் எதற்கும் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாவட்ட அணியில் பெயர் வர வேண்டும்.

மதியம் பன்னிரண்டு பேர் பட்டியலை வாசித்தார்கள். 14 இருந்தான். 31 ஸ்டாண்ட்-பை. இதில் அநியாயம் எதுவும் இல்லை. தேர்வுக் குழு அடுத்து வரும் போட்டியில் ஜெயிக்க வேண்டும். அதற்கு இன்றைக்கே கோல் போடுகிறவன் தேவை. பி.டி. சாருக்கு மூன்று வருடம் கழித்து எவன் தேறுவான் என்பதுதான் கணக்கு. ஒரே மைதானத்தில் இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்டங்களைப் பார்த்தார்கள். மலைப் பையனின் போன் நம்பரை பி.டி. சார் வாங்கிக்கொண்டார். அது பக்கத்து வீட்டு அண்ணனின் நம்பர்.

பி.இ.டி. மாஸ்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். காலை பஸ்ஸை நம்பினால் பதிவு முடிந்துவிடும் என்று முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைகளோடு இறங்கி, தெரிந்தவர் வீட்டு மாடியில் படுத்திருக்கிறார். செலவு அவருடையது. எப்படி ஆள் பொறுக்குகிறீர்கள் என்றேன். “ஹாஸ்டல் தண்ணித் தொட்டி விளிம்ப எம்பித் தொடச் சொல்லுவேன் சார். தொட்டவன் பேர எழுதிக்குவேன்” என்று சிரித்தார். நாலு பேரைக் கூட்டிவர நினைத்தாராம், மூன்று பேர்தான் வந்தார்கள். நாலாவது ஒரு பெண். எட்டாம் வகுப்பு. தொட்டியை முதலில் தொட்டது அவள்தான். அம்மா விடவில்லை.

மறுநாள் மாஸ்டரோடு மலை ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்தபடி போனால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடுகின்றன. வெள்ளிமலை வரும்வரை சரிவெல்லாம் மரவள்ளி, இடையிடையே சாமை, பலா. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் 1976 வரை ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்தவை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மாவட்டத் தலைநகரம் கொஞ்சம் கிட்டே வந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டபோதும், சாலையும் பஸ்ஸும்தான் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன. கூடைப்பந்து செலக்‌ஷனும் அந்த சாலையில்தான் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் செம்மண் மைதானம். வாலிபால் நெட் இறுக்கமாகக் கட்டியிருந்தது. பக்கத்தில் கபடிக் கோடு. மைதான ஓரத்தில் ஒற்றை இரும்புக் கம்பத்தில் ரிங் இருந்தது, பலகை இல்லை. கூடைப்பந்து ஏன் இங்கே பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு மாஸ்டர் ஒரு பந்தை எடுத்துத் தரையில் தட்டினார். ஒருமுறை எழும்பியது, அடுத்த தட்டில் கல்லில் பட்டு எகிறி, வேலிப்பக்கம் ஓடியது. “வாலிபால் தரையத் தொட்டா பாயின்ட் போச்சு. பாஸ்கெட்பால் தரையத் தொட்டாத்தான் ஆட்டமே. இந்தத் தரையில எங்க சார் டிரிபிள் பண்றது?”

அந்த ஒரு தட்டில் முந்தின நாள் பார்த்தது முழுக்க விளங்கியது. 31ஆம் நம்பருக்கு எம்பத் தெரிந்தது, காற்றிலேயே பந்தைக் கணிக்கத் தெரிந்தது, விரல்கள் மென்மையாக இருந்தன. எல்லாம் வாலிபால் கொடுத்தவை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது மட்டும் வரவில்லை. அது சொல்லிக் கொடுக்கக்கூடியது. எம்பலையும் கை நீளத்தையும் சொல்லிக் கொடுக்க முடியாது. உயரமான ஆட்டக்காரர்கள் தாமதமாக வருவதும் புதிதல்ல. கரீபியன் தீவொன்றில் நீச்சல்காரராக வளர்ந்த டிம் டங்கன், 1989 சூறாவளியில் நீச்சல் குளம் அழிந்த பிறகுதான் கூடைப்பந்துப் பக்கம் வந்தார். பிறகு ஐந்து என்.பி.ஏ. பட்டங்கள்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பஞ்சாபில் பல்லோ கே என்ற குக்கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங். பத்து வயதுவாக்கில் லூதியானா கூடைப்பந்து அகாடமிக்கு அனுப்பப்பட்டு, பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியனிடம் ஆட்டம் கற்றார். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தது, என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். அகாடமிக்குக் கண் இருந்தது, சரி. வயலுக்கு ஆள் வேண்டிய வீட்டிலிருந்து பையனை அனுப்பிவைத்த அப்பா இல்லையென்றால் அந்தக் கண் எதைப் பார்த்திருக்கும்?

எட்டாம் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்கும் போனோம். அம்மா மரவள்ளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, மாஸ்டர் பேச வாயெடுக்கும் முன்னே அவரே ஆரம்பித்தார்.

“வேணாம்னு சொல்லல சார். இங்க ஹாஸ்டல்னா ஞாயித்துக்கெழம நடந்தே போயி பாத்துட்டு வந்துருவேன். வெளியூரு ஹாஸ்டல்ல ஒடம்புக்கு முடியலன்னா யாரு பாப்பாங்க? பொங்கலுக்கு யாரு கூட்டியாருவாங்க? அதச் சொல்லுங்க, அனுப்பறேன்.”

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. இந்த வருடமும் அடுத்த வருடமும் விட்டால், அந்தப் பெண் பிளஸ் ஒன் வரை காத்திருக்க வேண்டும். சென்னையில் பிறந்து வளர்ந்த அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணிக்கே தலைவியானவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். பத்தொன்பதில் அங்கே நிற்க, பதின்மூன்றில் எங்கேயாவது தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டு நாளில் நான் பார்த்தவரை கண்களுக்குக் குறைவில்லை. பி.டி. சாரின் பென்சில் சரியான இடத்தில்தான் அசைந்தது. ஆனால் அவர் பார்க்கும் முன்பே ஒரு செலக்‌ஷன் முடிந்துவிடுகிறது. கைக்காசு போட்டு பஸ் ஏற்றுகிற மாஸ்டர் இருக்கிற பள்ளி, வீட்டை விட்டு அனுப்பத் துணிகிற அம்மா இருக்கிற வீடு. இந்த இரண்டும் சேர்ந்த பிள்ளைதான் வேப்பமரத்தடி வரை வருகிறது. மற்றவர்கள் தோற்றவர்கள் அல்ல, ஆடவே இல்லை.

இறங்கும் வழியில் பி.டி. சாருக்குப் போன் போட்டு, மலையிலேயே ஒரு நாள் செலக்‌ஷன் வைத்தால் வருவீர்களா என்று கேட்டேன். “கூப்பிட்டா வந்துருவேன் சார். யாரு கூப்புடுவா?” என்றார்.

கோர்ட் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கியதே உடற்பயிற்சிக் கூடத்து மாடி விளிம்பில் பழக்கூடையை ஆணியடித்துத்தான். வெள்ளிமலையில் ஒரு நாள் செலக்‌ஷனுக்கு ஒரு சுவர், சாக்குக்கட்டி, அளவு டேப், விசில் போதும். நின்றபடி கை எட்டும் உயரத்துக்கு ஒரு கோடு, எம்பித் தொடும் உயரத்துக்கு ஒரு கோடு, விரித்த கைகளின் நீளம், முப்பது மீட்டர் ஓட்டம். இவற்றோடு அம்மாக்களையும் அன்றைக்கே வரச் சொல்லி, விடுதியிலிருந்து ஒரு பெண் வார்டன் நேரில் வந்து அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். டிரிபிளிங்கை விடுதிக்குப் போன பிறகு சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம்.