மடக்கிய நகம்

ஐப்பசி அடைமழையில் விறகுக் கட்டுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியை அம்மா முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஐந்து வாரம் இருக்கும். எடை அரைக் கிலோகூட இல்லை. கூடப் பிறந்தவை எதுவும் கண்ணில் படவில்லை. எங்கள் வீட்டுப் பூனை செல்லிக்கு அப்போது ஏழு வயது, நாலு கிலோ. முதல் பத்து நாள் குட்டி நெருங்கினால் ஒரு சீறல், அவ்வளவுதான்.

பிறகு ஒரு சாயங்காலம் நடையில் தடபுடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் குட்டி மல்லாந்து கிடக்கிறது. செல்லி அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டு பின்னங்கால்களால் வயிற்றில் உதைக்கிறாள். எனக்குப் பகீரென்றது. குட்டியைப் பிடுங்கி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். மறுநாளும் அதே கதை. ஆனால் கதவைத் திறந்ததுமே குட்டி ஓடியது செல்லியிடம்தான். ஓடியதோடு இல்லை, அவள் வாலையும் கடித்தது.

“நீ எதுக்குடா ஊடால போற? பயந்த குட்டி திரும்பப் போகுமா?” என்றாள் அம்மா.

அன்று தரையோடு உட்கார்ந்து கவனித்தேன். செல்லியின் பாதத்தில் நகம் ஒன்றுகூட வெளியே இல்லை. ஓங்கிய அடி பஞ்சாக விழுந்தது. காது விறைப்பாக முன்னால் நின்றது, முடி சிலிர்க்கவில்லை. இரண்டிடமும் சத்தமே இல்லை. தெருக் கடுவனோடு மதில்மேல் அவள் போட்ட சண்டையைப் பார்த்திருக்கிறேன்: காது தலையோடு படிந்து, வால் இருமடங்கு பருத்து, உறுமல் நாலு வீட்டுக்குக் கேட்டது. இங்கே, கொஞ்ச நேரத்தில் அவளே மல்லாந்து குட்டியை மேலே ஏறவிட்டாள்.

அப்போது குட்டி அவள் காதை அழுத்திக் கடித்துவிட்டது. பால்பல் ஊசி போல இருக்கும். செல்லி அதன் தலையைப் பாதத்தால் தரையோடு அமுக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எழுந்து திண்ணைக்குப் போய்விட்டாள். ஆட்டம் முடிந்தது. குட்டி நடையிலேயே உட்கார்ந்து அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு வாரத்திலிருந்தே குட்டிகள் ஒன்றையொன்று புரட்டி விளையாடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பது அப்படித்தான் அவற்றுக்குப் பிடிபடுகிறது. தனியாக வந்த இதற்கு அந்த வாய்ப்பு பாதியில் அறுந்துபோனது. நானோ விரலை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டி, என் கையையே இரையாகப் பழக்கியிருந்தேன். முழங்கை வரை கீறல். அன்றோடு விரலை நிறுத்திவிட்டு, கயிற்று நுனியில் துணி கட்டி இழுத்தேன்.

குட்டி வீறிட்டாலோ, ஒளிந்துகொண்டு சோற்றுக்கும் வராமல் இருந்தாலோ பிரிக்கத்தான் வேண்டும். செல்லிக்கும் ஓய்வு வேண்டுமே. குட்டி ஏற முடியாத அலமாரி உச்சியில் அவளுக்கு ஒரு சாக்கு விரித்து வைத்தேன்.

மாசியில் ஒரு காலை பாயில் அரிசிக் குருணை அளவில் ஒரு பால்பல் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது குட்டி பாய்ந்து என் கையைக் கவ்வியது. பல் பட்டது. அழுத்தவில்லை.