விளையாட்டா, வியாபாரமா?

விளையாட்டு எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே ஆரம்பமாகிறது என்று தீர்மானிப்பது எளிய காரியம் அன்று. கொல்லையில் ஆசைக்காக ரோஜாச் செடி வைக்கிறவர் பூக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆனால் மிஞ்சிய பூவை அண்டை வீட்டாருக்கு விலைக்குக் கொடுத்தால்? தத்துவ சாஸ்திரிகள் இதைப் பற்றி நிதானமாக விவாதித்துக்கொண்டிருக்கலாம். சர்க்காருக்கு அந்தச் சாவகாசம் கிடையாது. அது எங்கேயாவது ஒரு கோடு கிழித்தே ஆகவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் அப்படிக் கிழிக்கப்பட்ட ஒரு கோட்டைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். நம்மிடம் முன்பு கணக்குப் படித்த மாணவர் ஒருவர் அந்நாட்டில் இஞ்சினீயராக இருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் உத்தியோகம். சில சனி, ஞாயிறுகளில் மோட்டார்ப் பந்தயம். ஜீவனத்துக்காக அன்று, வெறும் ஆசைக்காக. பந்தயத்துக்கென்றே மாற்றி அமைத்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டிச் செல்ல இயலாது. ஆகையால் பெரிய பிக்-அப் வண்டியின் பின்னால் ஓர் இழுவண்டியைக் கோத்து, அதன்மேல் பந்தய வண்டியை ஏற்றிக்கொண்டு, இரண்டு மூன்று மாகாணங்களைக் கடந்து போய் வருகிறார்.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. லாரிகளையும் பஸ்களையும் கண்காணிப்பதற்காக அந்நாட்டு மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகாவில் 2000-ஆம் வருஷத்தில் ஒரு தனி நிர்வாகம் ஏற்பட்டது. மாகாண எல்லை தாண்டி வர்த்தகத்தில் ஈடுபடும் வண்டியின் எடை 10,001 ராத்தலோ, அதாவது சுமார் 4,536 கிலோவோ, அதற்கு மேலோ இருந்தால் அது வர்த்தக வண்டி என்பது விதி. உண்மையான எடை மட்டுமல்ல. இவ்வளவு தாங்கும் என்று வண்டியைச் செய்தவர்கள் குறித்திருக்கும் எடையும் கணக்கில் சேரும். இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் சேர்த்தே கூட்டல். ஆகவே பிக்-அப்பும் இழுவண்டியும் ஒன்றாகப் புறப்பட்டால் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

வர்த்தக வண்டி என்று ஆகிவிட்டால் பொறுப்புகள் பல. சாரதிக்கு வைத்தியரின் சான்று வேண்டும். சர்க்கார் கொடுத்த எண்ணை வண்டியின் மேல் எழுத வேண்டும். பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு பதினொரு மணி நேரத்துக்கு மேல் சரக்கு வண்டி ஓட்டக்கூடாது. அந்த நேரக் கணக்கைப் பலர் எலெக்ட்ரானிக் கருவியிலேயே பதிய வேண்டும் என்ற விதி 2017 டிசம்பரில் அமலுக்கு வந்தது.

பந்தயப் பிரியர்கள் கதி என்ன? அவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கூலிக்காகவோ தொழிலுக்காகவோ அல்லாமல், தனி மனிதர் தம் சொந்தப் பொருளை எப்போதாவது எடுத்துச் செல்வதற்கு இவ்விதிகளில் விலக்கு உண்டு. பந்தயத்தில் பரிசுப் பணம் வைத்திருந்தாலுமா? ஆம், அப்போதும் உண்டு என்று நிர்வாகம் விளக்கம் அளித்திருக்கிறது. ஆனால் நிபந்தனைகள் மூன்று: பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாகக் காட்டி வரி செலுத்த வேண்டும், பந்தயச் செலவைத் தொழிற் செலவென்று வரியில் கழிக்கக் கூடாது, கம்பெனிகளின் விளம்பர ஆதரவு பெறக் கூடாது. லைசென்ஸ் விஷயம் வேறு. அதை அவரவர் மாகாணத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் நம் மாணவரை வாட்டியது. டயர்க் கடைக்காரர் ஒருவர், "என் கடைப் பெயரை உம் வண்டியில் ஒட்டிக்கொள்ளும், நான்கு டயர் இனாமாகத் தருகிறேன்" என்றாராம். மாணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, டயர்களைக் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார். "நான்கு டயருக்காக என்னை லாரிக் கம்பெனி ஆக்கிக்கொள்ள வேண்டுமா, சார்?" என்று நமக்கு எழுதியிருந்தார்.

அற்ப விஷயத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கத் தோன்றும். நமக்கென்னவோ அந்த விளக்கத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. வரி இலாகாவின் முன் வியாபாரியாகவும், சாலை உத்தியோகஸ்தர் முன் விளையாட்டுப் பிள்ளையாகவும் ஒருவரே நிற்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மனிதருடைய உள்நோக்கத்தைச் சட்டத்தால் பார்க்க முடியாது. ஆனால் அவர் எழுதி வைத்த கணக்கைப் பார்க்க முடியும். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கைக் காட்டுகிறவருக்கு வாசல் திறக்கிறது.

எனினும் நம் மனத்தில் வேறொரு கவலை உண்டு. விலக்கு மனிதருடைய நோக்கத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆபத்தோ எடையிலும் களைப்பிலும் இருக்கிறது. ஞாயிறு மாலை பந்தயம் முடிந்து, வெயிலில் வாடிய உடம்போடு, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டுமே என்று இரவெல்லாம் ஓட்டுகிறவரிடம், "பதினொரு மணி ஆயிற்று, நிறுத்து" என்று சொல்ல எந்த விதியும் இல்லை. ஐந்து டன் வண்டிகள் நிற்காமல் வந்து மோதினால், ஓட்டியவர் கூலிக்கு வந்தாரா, குஷிக்கு வந்தாரா என்பது எதிரே வந்தவருக்கு ஒரு பொருட்டா?

இதை நாம் மாணவருக்கு எழுதினோம். பதிலில் அவர் ஒரு சிறு செய்தி தெரிவித்தார். சட்டம் கேட்காவிட்டாலும், புறப்பட்ட நேரம், நின்ற நேரம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருகிறாராம். சென்ற பந்தயத்திலிருந்து திரும்புகையில் பாதி வழியில் ஒரு விடுதியில் தங்கிவிட்டாராம். திங்கட்கிழமைச் சம்பளம் போயிற்று.

சர்க்கார் கொடுத்த விலக்கைவிட அந்த நோட்டுப் புத்தகத்தில்தான் நமக்கு நம்பிக்கை அதிகம்.